குதிரைக்காலு வீடு

என் வீட்டுக்காரர் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் அந்த வார்த்தையைச் சொன்னது மலையாளத்தில். எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போய்ப் பிடிபட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். இனிமேல் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போவதில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். முன்னால் நின்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, முடியாது என்றார்கள். தமிழில்தான் சொன்னார்கள். இவர் முறை வந்தபோது கையைக் கூப்பிக்கொண்டு, "இனி போகில்ல ஏமானே. குதிரைக்குக் காலு வய்யா. நோக்கான் ஆளில்ல" என்றார்.

உள்ளே யாரோ சிரித்தார்கள். வராந்தாவில் நின்றவர்களில் ஒருவர், "என்ன சொல்லுகான்?" என்று கேட்டார். "குதிரைக்குக் காலு சொகமில்லியாம். பாக்க ஆளில்லியாம்" என்று இன்னொருவர் எடுத்துச் சொன்னார். அந்தச் சிரிப்பு வராந்தாவுக்கு வந்து, என்னைத் தாண்டி முற்றத்துக்குப் போயிற்று. பார்க்க ஆளில்லை என்று அவர் சொன்ன குதிரையை அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தூணோடு ஒட்டி நின்றேன்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. காலையில் கைதிகளை வராந்தாவில் உட்கார்த்தி வைத்திருந்தபோது வீட்டிலிருந்து வந்தவர்களைக் கொஞ்சநேரம் பேச விட்டார்கள். வீட்டில் எப்படி என்று அவர் கேட்டார். "நாலு காலும் புண்ணா கெடக்கு. நெலத்தில ஊன முடியல்ல. எனக்கு என்ன செய்யணும்ணு தெரியல்ல" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது அழவும் செய்தேன். என் கூடவே பஸ்ஸில் வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா சற்றுத் தள்ளி உட்கார்ந்து தன் புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

நாங்கள் இருந்தது கொல்லயில் என்ற ஊரில், பாறசாலை ஜங்ஷனுக்குப் போகிற பாதையோரத்தில். இவருக்குக் குதிரைவண்டிதான் ஜீவனம். பஸ் போகாத இடங்களுக்கு, பூவார்க் கரைவரைக்கும் இந்தப் பக்கம் மலையடிவாரம் வரைக்கும், கல்யாணக்காரர்களும் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்களும் இவர் வண்டியில் போவார்கள். குதிரை செம்மண் நிறத்துப் பெட்டை. நாலு காலும் முட்டுவரை வெள்ளை. நெற்றியிலும் வெள்ளை. பஞ்சகல்யாணி என்பார்கள், பார்த்தாலே நல்லது என்பார்கள். கல்யாணவீட்டார் அதற்காகவே இவர் வண்டியைத் தேடி வந்தார்கள். போராட்டக்காரர்கள் முதலில் கேட்டதும் குதிரையைத்தான். வண்டியில் கொடி கட்டி ஊர்வலத்துக்கு முன்னால் விடவேண்டும் என்றார்கள். குதிரை போனால் அவரும் போகத்தானே வேண்டும். போனவர், முதல் கூட்டத்திலேயே அதில் ஒன்றிவிட்டார். வீட்டில் சோறு போடும்போதுகூட மேடையில் கேட்டதை எனக்குச் சொல்லிக்காட்டுவார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

போலீஸ் பிடித்த அன்று யாரோ குதிரையை வீட்டில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். அது ஆடி மழை. குதிரைக்கொட்டில் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில், வெயில் படாத மூலையில் இருந்தது. தரை சொதசொதவென்று கிடந்தது. நான் புல் போட்டேன், தண்ணீர் காட்டினேன், கொள்ளு அவித்து வைத்தேன். காலைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காலில் சேறு அப்பியிருப்பதாகத்தான் நினைத்தேன். ஒருநாள் அது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்துக் குனிந்து தொட்டேன். சேறு என்று நினைத்தது பொருக்கு. விரல் பட்டதும் ஒரு பொருக்கு முடியோடு கையில் வந்துவிட்டது. உள்ளே பச்சை மாமிசம்போலச் சிவந்து, பழுத்துச் சலமும் சீழுமாக வந்தது. குளம்புக்கு மேலே பின்பக்க மடிப்பு குறுக்காக வெடித்திருந்தது. மழைக்காலத்தில் வயலில் நிற்கிறவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் வருகிற சேற்றுப்புண்தான், குதிரைக்கும் வரும் என்று ஊரில் சொன்னார்கள்.

கோர்ட்டில் விட்டபிறகு அவர் என்னோடு பஸ்ஸில் வரவில்லை. வயல்வரப்பு வழியாகச் சுற்றி நடந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பின்வாசல் வழியாக வந்தார். நேராகக் கொட்டிலுக்குப் போய்க் குதிரையின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். "இங்க கொண்டா" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு அவருக்கு வீடு என்றால் அந்தக் கொட்டில்தான்.

விடியுமுன்னே குதிரையை வயலோரம் தண்ணீர் ஓடுகிற தோட்டுக்கு நடத்திப் போவார். ஆள் நடமாட்டம் வருமுன் நாலு காலையும் தேங்காய்ச் சவரி நாரை வைத்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவருவார். மத்தியானம் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளத்தில் கழுவுவார். சாயந்திரம் மறுபடி. புன்னைக்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி, மேலே சாக்குத்துணி சுற்றிக் கட்டுவார். மறுநாள் அவிழ்த்தால் சாக்கு நாறும். ஒருவாரம் சற்று வாடினமாதிரி இருக்கும். அடுத்தவாரம் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். யாராவது சுண்ணாம்பு நல்லது என்றால் சுண்ணாம்பு. யாராவது மண்ணெண்ணெய் என்றால் அது. மண்ணெண்ணெய் பட்ட அன்று குதிரை உதைத்துக் கொட்டில் தட்டி விழுந்தது. அவர் தட்டியைத் தூக்கிக் கட்டிவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

ஊரில் பேர் விழுந்துவிட்டது. குதிரைக்காலு. அவரை யாரும் வெளியில் பார்க்காததால் அந்தப் பேர் எனக்குத்தான் கிடைத்தது. கடைக்குப் போனால், "எலே, குதிரைக்காலு வீட்டுக்கு என்ன வேணும்ணு கேளு" என்பார்கள். கேட்டு எடுத்துத் தருவார்கள். மரியாதைக்குறைவாக எதுவும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு வார்த்தை போதும். சபையில் நான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தால் பாயில் இடம் தாராளமாக இருக்கும். சிறையில் இருக்கிறவர்களுக்காகப் போதகர் ஜெபம் செய்வார். ஒவ்வொரு வீட்டையும் நினைத்து ஜெபம் செய்வார். எங்கள் வீடு அந்த ஜெபத்தில் முன்னால் உண்டு, இப்போது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆமென் சொல்லும்போது என் குரல் தனியாகக் கேட்டுவிடுமோ என்று உதட்டை மட்டும் அசைப்பேன்.

என் அண்ணன் மார்த்தாண்டத்தில் இருந்தான். அவனும் போராட்டத்தில் இருந்தவன். ஒருநாள் வந்தான். வந்தவன் முற்றத்திலேயே நின்றான்.

"மச்சான் எங்க?"

"பொறத்தால."

"வெளிய வரச் சொல்லாண்டாம். நான் பாக்க வரல்ல. உன்னப் பாக்கத்தான் வந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாப்பு சொன்னதுகூடப் போவட்டு பிள்ளே. ஒரு மனுசன் பயப்படுவான். மலையாளத்திலயா சொல்லணும்?" என்றான்.

"கோர்ட்டுல எல்லாம் அப்படித்தானே பேசுவாரு. வாய்ப்பழக்கம்."

"பழக்கம்" என்று அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். காப்பி போட்டு வைத்திருந்தேன். கொட்டிலில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார் என்று தெரிந்தது. சற்றுநேரத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ஏற்கெனவே கழுவியாகிவிட்டது.

அப்போதுதான் எனக்குக் கழுவிக் கழுவியே புண் ஆறவில்லையோ என்று சந்தேகம் வந்தது. நடுவில் கொஞ்சநாள் மழைவிட்டு நல்ல வெயில் அடித்தது. அவர் காய்ச்சல் கண்டு படுத்திருந்தார். என்னால் குதிரையைத் தோட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை, சாக்குக் கட்டவும் தெரியவில்லை. அந்த நாட்களில் முன்னங்கால்கள் இரண்டும் வற்றிக் காய்ந்து வந்தன. அவர் எழுந்து மறுபடி தோட்டுக்கு நடத்தினார். மறுபடி வெடித்தது. அதைச் சொன்னேன். "நீ ரொம்பக் கண்டா" என்றார், அவ்வளவுதான்.

நெய்யாற்றின்கரையில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. குதிரையை அவ்வளவு தூரம் நடத்த முடியாது, அவரும் ரோட்டுக்கு வரமாட்டார். உதிர்ந்த பொருக்கில் கொஞ்சம் வாழையிலையில் பொதிந்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். பஸ் கூட்டம். சூட்டில் அந்தப் பொதி மணக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு என் மடியைப் பார்த்தாள். "மீனா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அழுகின மீனை யார் பொதிந்து கொண்டுபோவார்கள் என்று அவள் நினைத்திருப்பாள்.

டாக்டர் இளவயசுக்காரர், மலையாளி. எங்களோடு பேசுவதற்கென்று பாதித் தமிழ் வைத்திருந்தார். பொதியைப் பிரித்துப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன்.

"தினமும் கழுகுமோ?"

"கழுவுவாரு. மூணு நேரமும்."

"மூணு நேரமா? அது குதிரையா, பாத்திரமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தொடர்ந்து விளக்கினார். நனைந்து நனைந்து தோல் ஊறிப்போகிறது, ஊறின தோல் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் நோயணு கேறுகிறது. வெள்ளை ரோமம் உள்ள இடத்தில் தோல் மெல்லிசு, அதனால்தான் வெள்ளைக்காலில் இது சீக்கிரம் பிடிக்கிறது. சாக்குக் கட்டினால் உள்ளே ஈரம் நிற்கும். "வெள்ளம் தொடவே வேண்டா" என்றார். முடியை ஒட்ட வெட்டவேண்டும். மருந்துப்பொடி கரைத்த இளஞ்சூட்டு வெள்ளத்தில் ஒரே தடவை ஊறவைத்து, தானாக இளகுகிற பொருக்கை மட்டும் எடுக்கவேண்டும், இளகாததைப் பிய்க்கக்கூடாது. காய்ந்த துணியால் ஒற்றி, காற்றில் நன்றாக உலரவிட்டுக் களிம்பு போடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த தரையில், வெளிச்சத்தில் நிற்கவேண்டும்.

மருந்து எடுத்துத் தரும்போது, "குதிரைக்காரன் எங்க? அவர் வரல்லியா?" என்றார்.

"அவருக்குச் சொகமில்ல."

"எவிடயா வீடு?"

"கொல்லயில்."

அவர் நிமிர்ந்தார். "ஓ. கோர்ட்டில் காலு வய்யாண்ணு பறஞ்ஞ குதிர இதுதானோ?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பொருக்கு இருந்த இலையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "நெசமாயிட்டு வய்யா. கெட்ட புண்ணாக்கும்" என்று சொல்லி மருந்தை என் கையில் தந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. யாரிடமும் காட்டாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் வாளியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"கழுவாண்டாமா? கழுவல்லேண்ணா அழுகிப்போவும்."

"கழுவித்தானே அழுகிச்சு."

"குதிரைய எனக்குத் தெரியுமா, அந்தாளுக்குத் தெரியுமா?"

"இந்தக் கொட்டில் ஆவாது. முன்னால சாய்ப்பில கொண்டு கட்டணும். அங்கதான் காத்தும் வெயிலும் உண்டு."

முன்னால் சாய்ப்பு என்பது வண்டி நிறுத்துகிற இடம். பாதையைப் பார்த்து இருந்தது, தரையும் மேடு. அவர் முகம் மாறிவிட்டது. "ரோட்டுல போறவனெல்லாம் பாக்கவா?" என்றார்.

நான் அதுவரை மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "காலு சரியானா வண்டிய எடுத்துட்டு ஜங்ஷனுக்குப் போணும். அதாக்கும் உங்களுக்குப் பயம்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். கொட்டில் கல்லில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் வெள்ளத்தில் கிடந்து அந்தக் கையும் ஊறி, விரல் இடுக்கு வெடித்திருந்தது. நான் கயிற்றை அவிழ்த்துக் குதிரையை நடத்திப் போனேன். அவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை.

வண்டியை நானே தள்ளி முற்றத்தில் விட்டேன். மரம் அறுக்கிற இடத்திலிருந்து இரண்டு கூடை மரத்தூள் வாங்கிவந்து சாய்ப்புத் தரையில் கனமாகப் போட்டேன். தையல் கத்திரியால் முடியை வெட்டினேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தால்தான் தெரியும். குதிரை ஒரு காலைத் தந்தால் இன்னொன்றைத் தராது. முட்டிபோட்டு, அதன் வயிற்றுக்கடியில் தலையை விட்டு, பின்னங்கால் மடிப்பைப் பார்க்கவேண்டும். பாதையில் போகிறவர்கள் நிற்பார்கள். ஆண்கள் நிற்கும்போது நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். "என்ன பிள்ளே, நீயா குதிரைக்காரன்?" என்று ஒருவர் கேட்டார். போதகர்கூட ஒருநாள் குடையை மடக்கி நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "கவனமா, உதைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் உள்ளே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் அங்கேதான். கொட்டிலும் போய்விட்டதால் அவருக்கு வேறு இடம் இல்லை.

பொருக்கு இளகி வர ஆரம்பித்த சமயம் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அவள் புருஷன் இன்னும் ஜெயிலுக்குள்ளேதான் இருந்தார். கோர்ட்டுக்குப் போய்வந்த அன்றிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. கிணற்றில் பார்த்தால்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வேலிப்பக்கம் வந்து நின்றாள். நான் கையில் களிம்போடு அப்படியே இருந்தேன். ஏதாவது திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் வேலி இடைவெளி வழியாக உள்ளே வந்து, குனிந்து, குதிரையின் காலைப் பார்த்தாள். நான்கு காலையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நெசமாட்டே புண்ணாக்குமா?"

"நெசந்தான் அக்கா."

"நான் சும்மா சொன்னாருண்ணு நினைச்சேன். பயந்துபோய் வாய்க்கு வந்தத சொல்லிட்டாருண்ணு. அப்படி நினைச்சு நான் கொஞ்சம் ஆறியும்போனேன்." அவள் நிமிர்ந்தாள். "பொய் இல்ல போல."

"இல்ல அக்கா. நான்தான் சொன்னேன். அண்ணைக்குக் காலத்த, வராந்தாவில வச்சு."

"என்ன சொன்ன?"

"காலு புண்ணா கெடக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல்லண்ணு."

அக்கா எந்த வித்தியாசமும் இல்லாத குரலில் சொன்னாள். "அண்ணைக்கு எனக்க சின்னவளுக்குக் காய்ச்சல். நெருப்பா கொதிச்சுட்டுக் கெடந்தா. அம்மகிட்ட விட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன். அவரு கேட்டாரு, பிள்ளையெல்லாம் எப்படிண்ணு. எல்லாரும் நல்லாயிருக்கோம், நீங்க இருந்துட்டு வாருங்கண்ணு சொன்னேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பஸ்ஸில் போகும்போது என் பக்கத்தில்தான் இருந்தாள். நான் வழி முழுவதும் அவர் இல்லாத கஷ்டத்தையே பேசிக்கொண்டு வந்தேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

"இப்ப எப்படி இருக்கா அக்கா, சின்னவ?"

"இப்ப கேக்கியா" என்றாள். பிறகு, "அது அப்பவே மாறிட்டு. ஓடிட்டுக் கெடக்கா" என்றாள். போகும்போது, "அந்தப் பின்னங்காலுல மடிப்புக்குள்ள இன்னும் இருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உட்கதவு திறந்தது. அவர் கேட்டிருக்கிறார். வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் நின்றார். தாடி வளர்ந்து, வெளுத்துப்போய், யாரோ நோயாளி மாதிரி இருந்தார். பாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வந்து என் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். எனக்குத் தராத காலை அது அவருக்கு உடனே தந்தது.

"போடு" என்றார்.

நான் களிம்பைப் போட்டேன். அவர் தலை நிமிரவில்லை. பாதையில் யாரோ நின்றார்கள், ஏதோ சொன்னார்கள். நாங்கள் இரண்டுபேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புண் ஆற அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று. தண்ணீர் தொடாமல், மரத்தூள் நனைந்தால் மாற்றி மாற்றிப் போட்டு, காலையும் மாலையும் துணியால் துடைத்து வந்தோம். இரண்டு தடவை மறுபடி வெடித்தது, ஆனால் சின்னதாக. முன்னங்கால்களில் வெள்ளை முடி நன்றாக வந்துவிட்டது. பின்னங்கால் ஒன்றில் மடிப்பைச் சுற்றி முடி முளைக்கவே இல்லை. தோல் கறுத்துத் தழும்பாக நின்றது. அதோடு அது பஞ்சகல்யாணி இல்லாமல் போயிற்று. கல்யாணவீட்டார் பிறகு வரவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போன முதல்நாள் யாரும் ஏறவில்லை. நிழல் சாய்கிறவரை நின்றுவிட்டு வந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பூவார்ப் பக்கத்து மீன்காரப் பெண்கள் கூடைகளோடு வந்து கேட்டார்கள். மற்ற வண்டிக்காரர்கள் வாடை என்று அவர்களை ஏற்றமாட்டார்கள். இவர் ஏற்றினார். சாயந்திரம் வந்து சொன்னார், "அவளுவளுக்கு நான் ஆருண்ணு தெரியாது." தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அதன்பிறகு எங்கள் வண்டி மீன்வண்டி ஆகிவிட்டது. சபையில் என் சேலையில் மீன்வாடை அடிக்கும். பாயில் இடம் எப்போதும்போல் தாராளமாக இருந்தது.

உள்ளே இருந்தவர்களை விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது அக்கா வந்தாள். "வண்டி வேணும். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போணும்" என்றாள். வேறு வண்டி கிடைக்காமல் கேட்டாளா, கிடைத்தும் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் அன்று வண்டியை மூன்று தடவை கழுவினார். மீன்வாடை போகவில்லை. நானும் கூடப் போனேன், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள.

நெய்யாற்றின்கரையில் ஜெயில் வாசலில் பெரிய கூட்டம். மாலைகள், கொடி, தாளம். இவர் கூட்டத்துக்குள் வரவில்லை. வண்டியைத் தூரத்தில் ஒரு மதில் ஓரமாக நிறுத்தி, குதிரையின் மறுபக்கம் நின்றுகொண்டார். அக்காவின் புருஷன் கழுத்துநிறைய மாலையோடு, மெலிந்து, பிள்ளைகளைத் தேடிக்கொண்டு எங்களிடம் வந்தார். சின்னவளைத் தூக்கி முத்தமிட்டார். பிறகு இவரைப் பார்த்தார்.

"காலு புண்ணு மாறிட்டா?" என்று கேட்டார்.

இவர் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

அவர் மாலை தரையில் படக் குனிந்து, அந்தக் கறுத்த இடத்தைப் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். "சரி. இவளுவ வண்டியில வரட்டும். நான் அவங்ககூட நடந்து வாறேன்" என்றார். கூட்டத்துக்குள் போய்விட்டார்.

ஊர்வலம் பாறசாலைவரை வந்தது. நாங்கள் கடைசியில், வாழ்க என்கிற சத்தம் தேய்ந்து கேட்கிற தூரத்தில் வந்தோம். இடையில் கூட்டத்தின் வாலில் வந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்து, "எலே, குதிரைக்காலு வருது" என்றான். இவர் கடிவாளத்தை இழுத்து இன்னும் கொஞ்சம் பின்னால் தங்கினார்.

பிறகு எல்லை பிரித்தார்கள். மார்த்தாண்டம் இருக்கிற விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரையும் எங்கள் ஊரும் இந்தப் பக்கமே நின்றன. ஜெயிலில் கிடந்தவர்களும், இவரும், எல்லாரும் கேரளத்துக்காரர்கள் ஆனோம். அக்கா வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தார்கள். அக்கா என்னோடு பேசுவாள். நல்லது கெட்டதுக்கு முதலில் வருகிறவளும் அவள்தான். ஆனால் அவள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எனக்கு மட்டும் சொல்லமாட்டாள். வேறு யாராவது சொல்லித்தான் தெரியவரும்.

பஸ்கள் கூடிவிட்டபிறகு குதிரையை ஒற்றசேகரமங்கலத்துக்காரர் ஒருவருக்கு விற்றோம். சாமான் இழுக்க வேண்டும் என்று வந்தார். மலையோரத்து ஆள், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, கறுத்துக் கெடக்கு?" என்றார்.

நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர் சொல்வது கேட்டது.

"சேத்துப்புண்ணு. நான் தமிழ்ப் போராட்டத்தில உள்ள கெடந்தப்ப வந்துது."

"ஓ. ஜெயிலிலயா?"

"கொஞ்சநாளு. பெறவு குதிரைக்குக் காலு வய்யாண்ணு கோர்ட்டுல சொல்லிட்டு எறங்கி வந்தேன். மத்தவங்க இருந்தாங்க. நான் வந்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மழை எப்போது வந்தது என்று சொல்கிறமாதிரி சாதாரணமாகச் சொன்னார். அந்த ஆள், "இப்ப ஊனி நடக்குமா? ஏத்தத்தில இழுக்குமா?" என்று கேட்டார். "இழுக்கும். மழையில காலு நனைஞ்சா தொடச்சு விடணும், கழுவாண்டாம்" என்று இவர் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்குத்தான் முகமெல்லாம் எரிந்தது. அன்று வராந்தாவில் நான் அழுததை அவர் சொல்லவே இல்லை. காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகமுடியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். கடைசியில் இவரே உள்ளே வந்து இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார்.